உப்பில்லாத ரசமும் ஒரு சம்பந்தமும்

பத்தியம் இருப்பவனைப் பசியோடு வெளியே அழைத்துப் போகக் கூடாது. போனாலும் அவனைக் கண் பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும். என் தங்கை சரசு இதைத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டாள். அதற்குள் அவள் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

நான் எட்டாவது பாதியில் லாரி ஏறியவன். சூரத்தில் துணி மூட்டை தூக்கினேன், ஓசூரில் ஹோட்டலில் மாவாட்டினேன், நடுவில் கொஞ்ச காலம் எந்த வேலையும் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. (யாரும் பெண் கொடுக்கவில்லை என்றும் சொல்லலாம்.) கடைசியில் திருவண்ணாமலைக்கே திரும்பி, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் அறைகளில் குழாயும் மோட்டாரும் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழும். ஒரு டீ குடித்து முடித்த பிறகும் அந்தக் குழி அங்கேயே இருக்கும். சிறுநீரகம் சோர்ந்திருக்கிறது, ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்றார் டாக்டர்.

"உப்பைக் குறைங்க. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எதுவும் வேணாம்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததே அந்த நான்கையும்தான். சோறு அவற்றுக்குத் துணை.

அன்றிலிருந்து அடி அண்ணாமலையில் சரசு வீட்டில்தான் சாப்பாடு. கிரிவலப் பாதையில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறாள். டாக்டர் குறைக்கச் சொன்னதை அவள் அடியோடு நிறுத்தினாள். (எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பாதி என்கிற அளவு தெரியாது.) அவள் வைத்த சாம்பாரை வாயில் வைத்தால், சாம்பார் என்று ஒன்று உண்டு என யாரோ சொல்லிக் கேட்பதுபோல இருக்கும். நான் பட்டினி கிடந்தவன்தான். அப்போது பசி இருந்தது, சோறு இல்லை. இப்போது இரண்டும் இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

இந்த நிலையில்தான் சரசுவின் மகன் பிரபுவுக்கு வேங்கிக்காலில் பெண் பார்க்கப் போனோம். அவன் அப்பா காலமாகிவிட்டதால் தாய்மாமனான நான்தான் பெரிய மனிதன். ஆட்டோவில் சரசு பாடம் நடத்தினாள்.

"அண்ணா, போளூர்ல இன்னொரு பொண்ணு இருக்குது. சொந்த வீடு. அடுத்த வாரம் அதையும் பாக்கணும். இங்க முடிவா ஒன்னும் சொல்லிடாத. கலந்து பேசிட்டு போன் பண்றோம்னு சொல்லு. அவ்ளோதான் உன் வேலை."

"சரி."

"காபிக்கு மேல ஒன்னும் தொடாத."

என் சிறுநீரகத்தின் மேல் அவளுக்கு இருந்த அக்கறை மனதைத் தொட்டது.

அவள் சொன்னதன் பொருள் வேறு. பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம், காபியோடு எழுந்துவிட வேண்டும். சோற்றில் கை நனைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். இது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இலை போட்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்தே வளர்ந்த எனக்குத் தெரியாது.

பஜ்ஜி வந்தது, மிக்சர் வந்தது. இரண்டையும் முறைத்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். பெண் நித்யா காபி கொடுத்தாள். பிரபு தரையில் பதித்த டைல்ஸை ஆராய்ந்துகொண்டிருந்தான். பெண்ணின் அப்பா ஏழுமலை, அரசு ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர், "மாத்திரை போடற நேரம், தப்பா நெனச்சிக்காதீங்க" என்று உள்ளே போனார். காபி மட்டும் குடித்த வயிறு சத்தம் போட ஆரம்பித்ததால், முகம் கழுவும் சாக்கில் நானும் எழுந்தேன்.

பின்னறையில் அவர் தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நீட்டியிருந்த கால்கள் எனக்கு மிகவும் பழக்கமான கால்கள்.

"எப்பலேர்ந்துங்க?" என்றேன்.

"போன ஆடியிலேர்ந்து. ஏன், உங்களுக்குமா?"

வேட்டியைத் தூக்கி அழுத்திக் காட்டினேன். அவரும் அழுத்தினார். இரண்டு குழிகளையும் குனிந்து பார்த்தோம்.

"உங்களுது ஆழம் கம்மி" என்றார், கொஞ்சம் பெருமையாக.

பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மார்க் ஒப்பிடுவதுபோலக் கிரியேட்டினினை ஒப்பிட்டோம். அதிலும் அவருக்குத்தான் ஜாஸ்தி.

"உப்பில்லாம எப்படிங்க தொண்டையில எறங்குது?"

"நித்யா ரசம் வெக்குது. ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

குடித்தேன். மிளகு, வறுத்து இடித்த சீரகம், நசுக்கிய பூண்டு, இறக்கியபின் பிழிந்த எலுமிச்சை. எங்கோ ஓடிப்போயிருந்த என் நாக்கு அந்த ஒரு வாயில் வீடு திரும்பியது. சோற்றோடு சாப்பிட்டால்தான் அருமை தெரியும் என்றார் அவர். நான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

இலை போட்டுப் பரிமாற வந்த நித்யா தயங்கினாள். "மாமா, நீங்க சாப்பிடறது உங்க தங்கச்சிக்குத் தெரியுங்களா?"

"தெரியாம இருக்கறதே நல்லதும்மா. அவ சமையலக் குத்தம் சொல்றதா நெனப்பா."

அந்தப் பெண் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சுரைக்காய்க் கூட்டு வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா வாசற்படியில் வந்து நின்றார். என் இலையைப் பார்த்தார். கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார்.

"அண்ணன் கை நனைச்சிட்டாருங்க."

கூடத்தில் பேச்சுச் சத்தம் கூடியது. யாரோ வெற்றிலைத் தட்டு எங்கே என்றார்கள். சரசு வந்து நின்றபோது நான் மூன்றாம் முறையாக ரசம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணா இது?"

"ரசம். நீயும் ஒரு வாய் குடிச்சிப் பாரு சரசு. கத்துக்கலாம்."

அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தவறு என்று புரிந்தது. என்ன என்று புரியவில்லை. என் வேலை ஞாபகம் வந்தது. முழங்கை வரை ரசம் வழியக் கூடத்துக்குப் போய், "கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "இதுக்கு மேல இன்னா பேசறது, அதான் சாப்டே சொல்லிட்டீங்களே" என்றார் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர்.

திரும்பும்போது ஆட்டோவில்தான் சரசு எனக்கு விஷயத்தை விளக்கினாள், பல்லைக் கடித்தபடி. எனக்குக் கூசிப்போனது.

"என்னை ஒரு ஆளா கணக்குல சேக்காத. ஊர் சுத்தி, ஒன்னும் தெரியாதவன்னு நானே போய்ச் சொல்லிட்டு வரேன்."

"போயி? கை நனைச்சிட்டு வேணாம்னு போயிட்டாங்கன்னு அந்தப் பொண்ணத்தான் பேசுவாங்க. ஒனக்கு இன்னா, அடுத்த பஸ் ஏறிடுவ."

கிரிவலப் பாதை திரும்பியதும், டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பிரபு முதல்முறையாக வாயைத் திறந்தான்.

"மாமா, ரசம் நெஜமாவே நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுடா."

"அப்ப விடும்மா."

சரசு அவன் பிடரியை வெகுநேரம் பார்த்தாள். "தரையப் பாத்துக்கினு இருந்தியேடா" என்றாள்.

வைகாசியில் கல்யாணம். பந்தியின் ஓரத்தில் உப்பில்லாமல் இரண்டு இலை, எனக்கும் சம்பந்திக்கும். இப்போது நித்யாதான் எனக்கு ஆக்கிப் போடுகிறாள். அவள் டாக்டரிடமே கேட்டுக்கொண்டு வந்து, அனுமதித்த அளவு உப்பைச் சின்ன ஸ்பூனில் போடுகிறாள். எங்கள் வீட்டுக்குள் பாதி என்கிற அளவு வந்தது அப்படித்தான். கால் குழியின் ஆழம் குறைந்துவிட்டது. ரத்தத்தில் அந்த எண் இறங்கவில்லை, ஏறவும் இல்லை. அது போதும். நானும் அடுத்த பஸ் ஏறவில்லை.

மழைக்கு எங்கள் வாடகை வீட்டுக் கூரை ஒழுகும்போதெல்லாம் சரசு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "போளூர்ல சொந்த வீடு" என்பாள். நித்யாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

போன வாரம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். அவர் மகளைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் போன் பண்றோம் என்றே போய்விடுகிறார்களாம்.

"சரசு, ஞாயித்துக்கெழம மாப்ள வீட்டுக்காரங்க வராங்க. உங்க அண்ணனக் கொஞ்சம் அவங்களோட சேத்து அனுப்பேன். உப்பில்லாம ஆக்கி வெக்கிறேன்."

"காலையில ஒன்னும் குடுக்காம அனுப்பறேன்க்கா" என்றாள் சரசு.