குறுக்கால அண்ணை ஹைவேயில் ஏறிய நாள்

உலகத்தின் எந்த இரண்டு ஊர்களுக்கு நடுவிலும் பெருஞ்சாலை தேவையில்லை என்று வாழ்ந்து காட்டிய ஒரே மனிதர் எங்கள் குறுக்கால அண்ணைதான். ரொறன்ரோவின் வோபர்னில் எங்கள் கட்டடத்திலேயே குடியிருப்பவர். பக்கத்து மார்க்கம் நகரில் கல்யாணம் என்றால், நாங்கள் ஹைவேயில் போய்ச் சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்தில் அவர் ஏதோ தோட்டத்துக்குள்ளால் வந்து இறங்குவார். "உந்த ஹைவேயில என்ன கிடக்கு? குறுக்கால வந்தா நாலு மாட்டையாவது பாக்கலாம்" என்பார். பெயர் அப்படி வந்தது. மனைவி ராணி அக்கா மட்டும் அவரைக் "குறுக்காலபோவான்" என்பார். யாழ்ப்பாணத்தில் அது நல்ல வசவு.

போன கோடையில் அவருடைய பழைய வேனில் அமெரிக்கா பார்க்கப் புறப்பட்டோம். அவர்கள் இருவர், நான், என் மனைவி வாசுகி. கூடாரம், காஸ் அடுப்பு, ஒரு பெரிய போத்தல் மிளகாய்த்தூள். ஸ்டியரிங்கை அண்ணை யாரிடமும் கொடுக்கவில்லை. ஹைவே பலகை தென்பட்டால் போதும், எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். சிக்காகோவை நாங்கள் தூரத்துப் புகையாகத்தான் பார்த்தோம்.

விஸ்கான்சினில் சோளக்காட்டுக்குள் போன மண்பாதை ஒரு வீட்டு முற்றத்தில் முடிந்தது. உள்ளேயிருந்து ஒருவர் துவக்கோடு வந்தார். வாசுகி என் கையை நகம் பதியப் பிடித்தாள். அண்ணை கண்ணாடியை இறக்கி, "குட் மோர்னிங் சேர். வெரி நைஸ் கோர்ன்" என்றார்.

துவக்கு தாழவில்லை.

"வீ ஆர் ஃப்ரொம் ரொறன்ரோ."

அதைக் கேட்டதும் எங்களைச் சுடுவது வீண்வேலை என்று அந்த மனிதருக்குப் பட்டிருக்க வேண்டும். துவக்கு முனையாலேயே வந்த வழியைக் காட்டினார்.

"பாத்தியளே, நல்ல சனம்" என்றார் அண்ணை.

"வாயைப் பொத்திக்கொண்டு ஓட்டுங்கோ" என்றார் ராணி அக்கா.

தெற்கு டகோட்டாவில், மொட்டை மலைகளுக்கு நடுவே கூடாரம் அடித்தோம். காலையில் கண் விழித்தால் கூடாரத்துணி முழுக்க ஒரு நிழல். பெரிய பெருமூச்சு ஒன்று கேட்டது. எட்டிப் பார்த்தேன், எங்கள் வேன் அளவுக்கு ஒரு காட்டெருமை. அண்ணை அதன் முன்னால் நின்று பாண் ரொட்டித் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பயப்பிடாதேங்கோ. உதும் மாடுதான்."

அது தலையைத் தாழ்த்திக் காலால் மண்ணைக் கிளறியது. நான் ஓடினேன். வலது கணுக்கால் மடங்கி விழுந்தேன். எருமையோ பாணை மணந்து பார்த்து, பிடிக்காமல் போய்விட்டது. என் கால் பலாக்காய்போல வீங்கியது.

அன்று மத்தியானம் வாசுகியின் கழுத்தில் குளவி கொட்டியது. முதலில் சிரித்தாள். பிறகு உதடு தடித்தது. கண் இமைகள் வீங்கி மூடிக்கொண்டன. "தொண்டை இறுகிற மாதிரிக் கிடக்கு" என்றாள். அது அவளுடைய குரலாகவே இல்லை. போனில் சிக்னல் கிடையாது. பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணின் கணவர் அவர்களுடைய காரை எடுத்துக்கொண்டு எங்கோ போயிருந்தார். சின்னத் தெருக்களில் சுற்றாதீர்கள், ஹைவேயில் ஏறினால் அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி, உடனே போங்கள் என்று அந்தப் பெண் அவசரப்படுத்தினாள்.

"அண்ணை, ஹைவேயால போவம்" என்றேன்.

அவர் சாவியை என் பக்கம் நீட்டினார். "தம்பி, உம்மால ஓட்டேலுமோ?" என்று கேட்டார்.

வலது காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. ராணி அக்காவுக்கு லைசென்ஸ் இல்லை. அவர் வாசுகியைப் பின் சீட்டில் மடியில் சாய்த்துக்கொண்டு, நான் அதுவரை கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார்: "இஞ்சாருங்கோ, உங்களுக்குப் பயம் எண்டு எனக்குத் தெரியும். ஏறுங்கோ."

ஏறினார். ஹைவேயில் சேரும் பாதையில் வேன் ஊர்ந்தது. இடப்பக்கம் லொறிகள் வீடுகள் ஓடுவதுபோல ஓடின. அண்ணையின் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

"தம்பி, பின்னால பாத்துச் சொல்லும்."

"லொறி வருது, பொறுங்கோ... இப்ப. இப்ப போங்கோ அண்ணை."

"முருகா" என்று ஓர் அலறல். வேன் பாய்ந்தது. பின்னால் ஹோர்ன் காதைக் கிழித்தது. செத்தோம் என்றே நினைத்தேன். வாசுகியின் மூச்சு விசில் அடித்தது. "நித்திரை கொள்ளாதை பிள்ளை" என்று ராணி அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டேயிருந்தார். அண்ணை கண்ணை இமைக்காமல் ஓட்டினார். வழியில் ஒரு லொறியை முந்தினார்கூட.

ஆஸ்பத்திரியில் உடனே ஊசி போட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று தொடங்கிய டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். வாசுகியின் மூச்சு சீரான பிறகுதான், அண்ணை உள்ளே வரவேயில்லை என்று உறைத்தது. நொண்டிக்கொண்டு வெளியே போனேன்.

வேன் வாசலோரம் நின்றது. எஞ்சின் ஓய்ந்திருந்தது. அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்.

"பிள்ளைக்கு எப்பிடி?"

"மூச்சு வந்திட்டுது அண்ணை. கதைக்கிறா."

தலையாட்டினார். "கனடாவுக்கு வந்த புதுசில ஒருக்கா ஹைவேயில ஏறினனான் தம்பி. ரெண்டு லொறிக்கு நடுவில அம்பிட்டு, கண்ணை மூடிட்டன். அதுக்குப் பிறகு ஏறேல்லை."

அப்போதும் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. இறுகிப் போயிருந்த விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அந்த வெயிலிலும் அவை சில்லென்றிருந்தன. சூடு வரும்வரை என் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு நின்றேன்.