தராசுத் தட்டில் ஒரு விரல்

கல்வி அலுவலக அறிவிப்புப் பலகையில் இருந்த எண்ணைத் தராசு சார் இரண்டு முறை படித்தார். கிழக்கு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் அறுபது. வந்திருந்த விண்ணப்பம் நூற்று நாற்பத்து மூன்று. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிவரை பள்ளியை மாற்றிக்கொள்ளலாம்; அதற்குள் கூட்டம் குறையாவிட்டால் குலுக்கல்.

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவர் உத்தியோகம். தட்டில் விரலை வைத்து அழுத்துகிற வியாபாரியைப் பத்தடி தூரத்திலேயே பிடித்துவிடுவார். வீட்டிலோ, பின்னக் கணக்கைப் பார்த்தாலே அழுகிற ஒரே மகளைத் தேற்ற அவருக்கு வழி தெரியவில்லை. பள்ளிகளைச் சுற்றிப் பார்க்கப் போன அன்று, கிழக்குப் பள்ளியின் கணக்கு டீச்சர் பத்து நிமிஷம் அவளோடு உட்கார்ந்து பேசினார். வெளியே வந்தவள், "அப்பா, வீட்டுக்குப் போய் இன்னொரு கணக்கு போடலாமா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காக அவர் எதையும் செய்யத் தயாராக இருந்தார்.

செய்தும்விட்டார்.

குடியிருப்பின் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கிழக்கா, மேற்கா என்று ஒரு வாரமாக அடிதடி. "தராசு சார், நீங்களே ரெண்டு ஸ்கூலையும் எடை போட்டுச் சொல்லிடுங்க" என்று கேட்டிருந்தார்கள். பலகையைப் பார்த்த அன்று சாயங்காலமே பட்டியல் போட்டு அனுப்பினார். மைதானம், நூலகம், கழிப்பறைத் தாழ்ப்பாள் வரைக்கும் மதிப்பெண். மேற்குக்கு எழுபத்தெட்டு, கிழக்குக்கு நாற்பத்தொன்று. கணக்கு டீச்சருக்கு மட்டும் அதில் கட்டமே இல்லை.

வியாழன் காலையில் கிழக்கின் எண்ணிக்கை தொண்ணூறாக இறங்கியிருந்தது. போதாதே! "கிழக்குல கூரை ஒழுகுதுன்னு கேள்விப்பட்டேன்" என்று குழுவில் இன்னொரு வரி தட்டிவிட்டார். யாரிடம் கேள்விப்பட்டார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மதியம் அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு மருந்துக் கடைக்காரம்மா, கையில் கார் சாவியோடு நின்றாள்.

"சார், உங்க பட்டியலைப் பார்த்துதான் நாங்களும் மேற்குன்னு முடிவு பண்ணினோம். வாங்க, ஒண்ணாவே போய் ஃபாரம் குடுத்துட்டு வந்துடலாம்."

"நான்... நாளைக்குப் போகலாம்னு..."

"ஏன், நீங்க மேற்கு இல்லையா?"

"சேச்சே! மேற்கேதான்!"

அரை மணி நேரத்தில், கல்வி அலுவலகத்தில், அந்த அம்மாள் கண் முன்னாலேயே மகளை மேற்குப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால், மனைவி ரசீதைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"என்னங்க இது, மேற்குன்னு போட்டிருக்கு?"

"ஊரை நம்ப வைக்கத்தான்..."

"ஊரு நல்லா நம்பிடுச்சு. இப்ப உள்ள போய் உங்க பொண்ணை நம்ப வைங்க."

உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளி, மூன்று நாற்பது. அலுவலக ஜன்னலில் முகத்தைப் புதைத்துக் கிசுகிசுத்தார்: "மேற்கை ரத்து பண்ணிட்டு, கிழக்கு வேணும்."

"காதுல விழல, சத்தமா சொல்லுங்க!" என்றார் எழுத்தர்.

"ஃபோட்டோ ஒட்ட மறந்துட்டேன் சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மருந்துக் கடைக்காரம்மாவேதான்! தராசு சார் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் பொத்தென்று கீழே உட்கார்ந்தார்.

"மேற்கை ரத்து பண்ணச் சொன்னவர் எங்கய்யா போனாரு?" என்று எழுத்தர் கத்தினார்.

ஜன்னலுக்குக் கீழிருந்து விண்ணப்பத்தோடு ஒரு கை மட்டும் எழும்பியது. எழுத்தர் ஒன்றும் புரியாமல் அதை வாங்கிக்கொண்டார். மூன்று ஐம்பத்தேழுக்கு முத்திரை விழுந்தது. மருந்துக் கடைக்காரம்மா போகும்வரை தராசு சார் நிமிரவேயில்லை. நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். கிழக்கின் எண்ணிக்கை முப்பத்தொன்று! குலுக்கலே கிடையாது.

பள்ளி திறந்த அன்று கிழக்கின் தாழ்வாரம் காலியாகக் கிடந்தது. ஊரையே ஏமாற்றியது அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மகள் அவர் கையை இழுத்துக்கொண்டு ஓடியபோது, இதற்காக இன்னும் பத்துப் பட்டியல் போடலாம் என்று தோன்றியது. மணி அடிக்கிற பள்ளி ஊழியரைப் பார்த்ததும் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"ஆன்ட்டி, கணக்கு டீச்சர் எந்த ரூம்ல இருக்காங்க?"

"பிள்ளைங்க குறைஞ்சதால ஒரு டீச்சர் மேற்குக்குப் போகணும்னு சொன்னாங்க பாப்பா, யாரோ ரெண்டு ஸ்கூலுக்கும் மார்க் போட்டு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாங்களாம், அதைப் படிச்சிட்டு கணக்கு டீச்சர்தான் முதல் ஆளா எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க!"