கத்பர்ட்டின் ஞாயிற்றுக்கிழமை இடம்

"இங்க சாம்பல் தூவ அனுமதி இல்லைம்மா," என்றார் கோட்டை வாசலில் நின்ற காவலர்.

ஹில்டா சாம்பல் ஜாடியை அணைத்தபடி காருக்குத் திரும்பினாள். "என்னை என் ஞாயித்துக்கிழமை இடத்துல விட்டுடு." கணவர் கத்பர்ட் சாகும்முன் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். ஞாயிறு தவறாமல் இந்த ரோமானிய எல்லைக் கோட்டைக்கு வந்துவிடுவார். அவள் ஒருமுறைகூட உடன் வந்ததில்லை.

"அவன் பிளாஸ்க் பின்சீட்டுல கிடக்கு," என்றாள் கத்பர்ட்டின் அக்கா மேபெல். "அதுல மாத்திடு. டீன்னு நினைச்சுப்பாங்க."

நினைத்தார்கள். அதுதான் வினை. கோட்டைக்குள், ரோமானியத் தளபதியின் வீட்டில் மிஞ்சிய இடுப்பளவுச் சுவர்களுக்கு நடுவே ஹில்டா மூடியைத் திருகும்போது காவலர் வந்து நின்றார்.

"என்னா குளிரு! எனக்கும் ஒரு மடக்கு கிடைக்குமா?"

"ஆறிப்போச்சு."

"பரவாயில்லம்மா, குடிப்பேன்."

"சர்க்கரை போடல!" என்று மேபெல் அவளை இழுத்துக்கொண்டு வடக்குச் சுவருக்கு ஏறினாள்.

அங்கே யாருமில்லை. எதிரிக்காக யாரோ வருடக்கணக்கில் காத்து நின்ற இடம். கீழே புல்வெளி மட்டும்.

"மன்னிச்சிடுங்க. ஒரு தடவையாவது உங்ககூட வந்திருக்கணும்," என்று ஹில்டா பிளாஸ்கைக் கவிழ்த்தாள்.

ஸ்காட்லாந்துப் பக்கமிருந்து காற்று அடித்தது. கத்பர்ட் மொத்தமாக அவளுடைய கறுப்புக் கோட்டுக்கே திரும்பி வந்தார்.

"உயிரோட இருந்தப்பகூட மனுஷன் இப்படி ஒட்டிக்கிட்டதில்ல," என்று ஹில்டா அழுதாள்.

"மழை வருதுடி. கரைஞ்சிடப் போறான், இறங்கு!"

கார் நிறுத்துமிடத்தில், டீ வண்டிக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி தனியாகக் கிடந்தது. ஹில்டா கறுப்புக் கோட்டைக் கழற்றி அதன்மேல் போட்டுத் தட்டினாள். சாம்பல் புல்லில் படிந்தது. அதன்மேல் தூறல் விழுந்தது.

"கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கெடுத்துட்டேன், மேபெல். கார் நிக்கிற இடத்துல கொட்டிட்டேன்." காலிப் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

டீ வண்டிக்காரி தலையை நீட்டினாள். "அதுல உக்காராத கண்ணு, அதுக்கு ஆள் இருக்கு... அட, இது அந்தக் கஞ்சன் கத்பர்ட் பிளாஸ்க் ஆச்சே! ஞாயித்துக்கிழமை ஆனா சொந்த டீயைக் கொண்டாந்து நாள் பூரா இந்த நாற்காலியிலதான் கிடப்பாரு."

"கோட்டை பார்த்துட்டு வந்தா?" என்றாள் ஹில்டா.

"கோட்டையா? அந்தக் காத்து ஆகாதுன்னு, மனுஷன் ஒரு நாள்கூட மேல ஏறினதில்லையே!"