பாலத்துக்காரன் மாட்டிய நாலு போல்ட்

அன்பு மைத்துனன் மெர்லினுக்கு,

உன் அத்தான் ஹார்லன் நலம் கேட்டு எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா டார்லீனும் சுகம். கோழிகள் சுகம். சோளம் காய்ந்து அறுவடைக்கு நிற்கிறது. உன் நெஞ்சில் போட்ட தையல் நல்லபடியாக ஆற வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உன் பேர் சொல்லி ஜெபம் செய்தார்கள். இப்போது தலையணையில் நன்றாகச் சாய்ந்துகொள். நர்ஸ் பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும். உன் மாடல் விமானம் நலம். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் எங்கள் கார் ஷெட்டில் போர்வை போர்த்திப் படுத்திருக்கிறது. இதற்குக் கீழே எதைப் படித்துப் படபடத்தாலும் மேலே வந்து இந்த வரியை இன்னொரு தரம் படித்துக்கொள்.

ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது காரில் ஏறிக்கொண்டே நீ சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது. "நான் திரும்பி வரேனோ இல்லையோ அத்தான், அது ஒரு தரமாவது பறந்துடணும்." நாலு குளிர்காலம் நிலவறையில் உட்கார்ந்து நீ இழைத்து ஒட்டிய விமானம். சிறகு எங்கள் சாப்பாட்டு மேசையைவிட நீளம், எடை இரண்டு வான்கோழி இருக்கும். மாடல் விமானக் கிளப் விழாவில் வெண்டல் கூபெக் தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டட்டும், சக்கரக் கால்களை மட்டும் அத்தான் மாட்டட்டும், போல்ட் காபி டப்பாவில் இருக்கிறது என்றாய். எனக்கும் ஒரு வேலை கொடுக்கணுமே என்றுதான் கொடுத்தாய், தெரியும். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இது உடைந்தால் வீடு திரும்பும் உன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

டப்பாவைத் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று நைலான் போல்ட். பிளாஸ்டிக், மெர்லின். குளியலறைத் திரைச்சீலை மாட்டக்கூட நான் அதை நம்பமாட்டேன். இந்த மாவட்டத்துப் பாலங்களின் அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்துப் பென்ஷன் வாங்கியவன் நான். நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் இருப்பதிலேயே உறுதியான ஸ்டீல் போல்ட்டாக நாலு வாங்கி, மரைக்குப் பசை தடவி, பூட்டு நட்டு போட்டு, என் முழங்கை வலிக்கிற வரைக்கும் முறுக்கினேன். முறுக்கி முடித்து நிமிர்ந்தால் வெண்டல் நிற்கிறான், கையில் காபியோடு.

"என்னப்பா இது, ஸ்டீலா?" என்றான்.

"உடையவே உடையாது" என்றேன்.

"அதான் பயம். வேகமா இறங்கி எதுலயாவது இடிச்சா ஏதாவது ஒண்ணு உடஞ்சே ஆகணும். போல்ட் உடையாட்டி வயித்துப் பலகையப் பேத்துக்கிட்டுத்தான் கால் போகும். அதோட பெட்ரோல் டேங்க், பாதி வயிறு எல்லாம் போகும். நைலான்னா போல்ட்டு மட்டும் பட்டுனு அறுந்துடும், மத்தது பொழச்சுக்கும்."

"எதுவுமே உடையக் கூடாது, வெண்டல்."

"அது பாலத்துக்குச் சரி. உன் பாலம் எதாவது பறந்துட்டு வந்து தரையிறங்கியிருக்கா?"

"என் பாலம் எதுவும் இதுவரைக்கும் இறங்கினது இல்ல" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். உடைவதற்கென்றே ஒரு போல்ட்டை மாட்டுவது எனக்கு, நீயே சொல், முடிகிற காரியமா? வெண்டல் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டான். போனவன் உன் அக்காவிடம் சமையலறையில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். ஆப்பிள் பை செய்முறை கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன், மடையன் நான்.

சனிக்கிழமை விழா. ஊரே மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது, பன்றி இறைச்சி ரொட்டி மணக்கிறது, திருமதி ட்வேத் ஆப்பிள் பை மேசையை ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கிறாள், சொன்னால் கேட்டால்தானே. வெண்டல் உன் விமானத்தை ஏற்றினான். என்ன சொல்ல, மாப்ள. சோளக்காட்டுக்கு மேலே மஞ்சளாக ஒரு வட்டம் அடித்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிரியார் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். இதை நீ பார்க்கவில்லையே என்று உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் இறங்கியது. அழகாகத்தான் இறங்கியது, வெண்டல் மேல் ஒரு குற்றமும் இல்லை. புல்லுக்கடியில் வளை எலி தோண்டிப் போட்ட குழி ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. வலது சக்கரம் சரியாக அதில் போய் விழுந்தது. டப்பென்று ஒரு சத்தம். நான் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டேன். உன் வயிற்றுப் பலகை, உன் டேங்க், உன் நாலு குளிர்காலம் எல்லாம் போச்சு, கேட்டால் உன் நெஞ்சு தாங்காது, ஆளையே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"ஹார்லன், தொப்பிய எடு. ஒண்ணும் ஆகல" என்று வெண்டல் குரல்.

எடுத்துப் பார்க்கிறேன். விமானம் வயிற்றால் புல்லில் வழுக்கிப் போய்ச் சாதுவாகப் படுத்திருக்கிறது. சக்கரக் கால்கள் மட்டும் தனியே உருண்டு போய்த் திருமதி ட்வேத்தின் மேசைக்கடியில் நிற்கின்றன. புரட்டிப் பார்த்தோம். வயிற்றில் புல்கறை, அவ்வளவுதான். முன்விசிறி போனது, அது போகிற பண்டம்தான், வேறு மாட்டியாயிற்று. எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உடனே கோபமாக மாறியது. என் ஸ்டீல் போல்ட் எப்படி அறுந்தது? கடைக்காரன் சட்டையைப் பிடிக்கிறேன் பார் என்று ஒரு தலையைப் பொறுக்கிக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன். வெள்ளிப்பூச்சு உரிந்து வந்தது. உள்ளே வெள்ளை. பிளாஸ்டிக். நிமிர்ந்தால் உன் அக்கா ரொட்டியைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். பத்து விரலிலும் அதே வெள்ளி நகப்பூச்சு.

"நீங்க வெள்ளிக்கிழம சர்ச்சுக் கூரை கமிட்டிக்குப் போனீங்களே, அப்ப மாத்தினேன்" என்றாள் சாவகாசமாக. "பசையெல்லாம் போட்டு நல்லாத்தான் முறுக்கியிருந்தீங்க. எங்கப்பா டிராக்டர் பட்டறைல இதவிட மோசமானதெல்லாம் கழட்டியிருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேட்டிருப்பீங்களா? தம்பியே சொல்லிட்டான். மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தெறந்ததும், 'அக்கா, அத்தான் ஸ்டீலு போட்டிருப்பாரு, போய் மாத்திடு'ன்னான். வெண்டல் வந்து சொன்னதும் அதேதான்."

ஆக, நெஞ்சைப் பிளந்து தைத்துப் படுத்திருக்கிறவன் கண் விழித்ததும் கேட்டது தண்ணீர் இல்லை, என் போல்ட்டைத்தான். முதலில் எனக்குச் சுருக்கென்றது, மறைக்கமாட்டேன். அப்புறம் அங்கேயே நின்று சிரித்தேன், சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. போய்விடுவாயோ என்று நாங்கள் பயந்துகொண்டிருந்த நேரத்தில் நீ இவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறாய். ஆளும் பிழைத்தது, விமானமும் பிழைத்தது, எனக்கு அது போதும். இனி ஸ்டீல் பக்கமே போகமாட்டேன் என்று வெண்டல் முன்னால் சத்தியம் செய்து, புதுசாக நாலு நைலான் போல்ட்டை என் கையாலேயே மாட்டியிருக்கிறேன்.

டாக்டர் சொல்கிறபடி நட, உப்பைக் குறை, படியில் மெதுவாக ஏறு. சீக்கிரம் வீடு வந்து சேர ஆண்டவன் துணை இருப்பார்.

இப்படிக்கு, உன் மேல் கோபமே இல்லாத அத்தான்,
ஹார்லன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் ஷெட்டுக்குப் போய் விமானத்தை ஒரு பார்வை பார்த்தேன். நாலு நைலான் போல்ட்டும் என்னைப் பார்த்துப் பல்லை இளித்தன. மனசு கேட்கவில்லை, மாப்ள. ஒன்றே ஒன்றைக் கழற்றிவிட்டு ஸ்டீல் போட்டேன். வித்தியாசம் தெரியக் கூடாதே என்று டார்லீன் நகப்பூச்சை எடுத்து மற்ற மூன்றுக்கும் அடித்துவிட்டேன். காபி குடித்துவிட்டு வந்தால் உன் அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஷெட்டிலிருந்து வருகிறாள். கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, கூட்டினேன்" என்கிறாள். நாலும் ஒரே மாதிரி மின்னுகின்றன. அதில் ஸ்டீல் இருக்கிறதா, இல்லையா, எனக்குத் தெரியாது. காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். அது உன் கருவிப் பெட்டியில் இருக்கிறது, அதை நான் தொடமாட்டேன். நீ வந்து வைத்துப் பார். அதுவரை இந்த விமானத்தை யாரும் பறக்கவிட நான் சம்மதிக்கப் போவதில்லை.