கடலைத் திறந்துவிட்ட காவற்காரன்

அணைக்காவல் வேலையை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம் ‘வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்றே இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். உண்மை வேறு. நான் கடலை உள்ளே விட்டுவிட்டேன்.

உப்புநீர் ஏரியான எங்கள் ஊர்க் களப்பு கடலோடு சேரும் வாயில் அணை கட்டியிருந்தார்கள். மாரி மழையைத் தேக்கிக் கடல்நீரை வெளியே நிறுத்தினால் சுற்றுவட்டாரக் கிணறுகள் நன்னீராகும் என்பது திட்டம். மதகில் இரும்புக் கதவெல்லாம் இல்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பலகைகள்தான். அவற்றுக்குக் காவல், இருபத்திரண்டு வயதுத் தற்காலிக உத்தியோகத்தன் நான். (உத்தியோகத்தன் என்று நானே சொல்லிக்கொண்டதுதான்.) ஞாயிறுகளில் சனம் சோற்றுப் பொதியோடு வந்து குளிக்கும். அவர்கள் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பேன்.

ஒரு பங்குனி ஞாயிறு, அக்காவையும் அத்தானையும் வள்ளத்தில் ஏற்றித் தேக்கத்தைச் சுற்றிக் காட்டினேன். மதகுக்குக் கிட்ட வள்ளம் சேற்றில் இறுகிவிட்டது. கடற்கரையில் பிறந்தவனுக்கு இதற்கு ஒரே மருந்துதான் தெரியும், தண்ணீர் ஏறும்வரை காத்திருப்பது. இங்கே அது தானாக ஏறாது. ஆகவே நான் இறங்கிப் போய் இரண்டு பலகைகளை உருவினேன்.

வள்ளம் மிதந்தது. அத்தான் கைதட்டினார். பலகையைத் திரும்ப வைக்கப் போனால் கடல் விடவில்லை.

கரையில் தோட்டம் செய்யும் கந்தையா அண்ணை மண்வெட்டியோடு ஓடிவந்தார். தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“என்னடாப்பா செய்தனி?”

“வள்ளம் இறுகிப்போச்சு அண்ணை. கொஞ்சத் தண்ணிதான்...”

“கொஞ்சமோ? மூண்டு மாரி பாத்திருந்து இப்பதான் என்ரை மனிசி எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறாள்!”

மதகுக்குள் குதித்தார். அவர் பலகையை நெஞ்சால் அழுத்திப் பிடிக்க, நான் மேலே நின்று மிதித்து இறக்கினேன்.

ஆனாலும் அவர் கிணறு உவர்த்தது. வேலை போனது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் மனைவி மறுபடி குடத்தோடு ஒரு மைல் நடந்ததைப் பார்த்த அன்று அழுதேன். மன்னிப்புக் கேட்கப் போனேன். அண்ணை தன் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் தந்தார்.

“குடி. எப்பிடி?”

“உப்பு அண்ணை.”

“ஓம். ஒவ்வொரு வருசமும் வந்து குடிச்சுச் சொல்லு.”

போகிறேன். அணையைப் பிறகு யாரும் சரியாகக் கவனிக்காததால் கிணறு இன்னும் உப்புத்தான். கல்யாணமான வருடம், விருந்தென்று நம்பிப் புதுச்சேலையில் வந்த என் மனைவிக்கும் ஒரு செம்பு கிடைத்தது. வீட்டில் கறிக்கு உப்புக் கூடினால் பிள்ளைகள் என்னைத்தான் பார்க்கிறார்கள். “அப்பா, பலகையிலை கை வைச்சனீங்களோ?”

போன தை மாதம் கந்தையா அண்ணையின் வயதை நினைத்து, “நல்ல தண்ணி அண்ணை” என்று பொய் சொல்லிப் பார்த்தேன்.

அப்படியென்றால் இன்னும் குடி என்று, மற்றொரு செம்பு அள்ளித் தந்தார்.