அத்தை மைக்கை வாங்கிய நாள்

சொந்தக் குடும்பத்தைக் கிண்டல் செய்து பிழைக்க நினைப்பவன், நிகழ்ச்சி நாளில் அந்தக் குடும்பத்தை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வரவேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அப்போது நான் கம்பளையில் வேலையில்லாத பட்டதாரி. ('நகைச்சுவைக் கலைஞன்' என்று சொல்லிக்கொள்வேன். சொன்னது நான் ஒருவன்தான்.) கண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் நடந்த ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சியில், தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்க எனக்கும் இடம் கிடைத்தது. ஒரு வானொலியின் பொறுப்பாளர் பரீனா மேடம் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்தால் காலை நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் வேலை. பிடிக்காவிட்டால் மறுநாளே பிலிமத்தலாவையில் மாமாவின் ஹார்ட்வேர் கடையில் ஆணி நிறுக்கவேண்டும். இது அப்பாவின் தீர்ப்பு.

வீட்டில் 'மேடை ஏறப்போகிறேன்' என்று மட்டும் சொல்லிவைத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது. எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை மேடை என்பது ஒருவரைக் கூப்பிட்டுக் கௌரவிக்கும் இடம். வாடகைக்கு வான் பிடித்து, பட்டுடுத்தி, மாலையும் பொன்னாடைகளுமாக வந்து முன்வரிசைக் கதிரைகளை நிரப்பிவிட்டார்கள். நட்டநடுவில் அப்பாவின் அக்கா, புஷ்பம் அத்தை. நான் தயார்செய்திருந்த ஜோக்குகளில் முக்கால்வாசி அவரைப் பற்றியவை.

முதல் ஜோக்கில் பாதிதான் சொல்லியிருப்பேன், பெரியப்பா மேடையேறி மாலை போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது ஜோக் முடியப்போகும் நேரத்தில் சித்தப்பா பொன்னாடையோடு வந்தார். (படம் எடுப்பதற்காக என் முகவாயைப் பிடித்துத் திருப்பினார்.) அடுத்தது மாமா. டீ-சேர்ட்டுக்கு மேல் மாலை, அதற்கு மேல் பொன்னாடைகள். அந்தக் கோலத்தில் நின்றுகொண்டு 'எனக்கு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை' என்றால் எவன் நம்புவான்? பின்வரிசையில் பரீனா மேடம் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். எனக்கு ஆணி வாசனையே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல், பத்திரமாக வைத்திருந்த கடைசி ஜோக்கை எடுத்தேன்.

"எங்க அத்தை பெரஹெரா ஊர்வலம் பார்க்க காலையிலேயே வந்து, ரோட்டோரத்துல பாய் விரிச்சு எடம் புடிச்சாங்க. யானை வர்றப்போ அதே பாயில தூங்கிட்டாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து நிதானமாக ஒரு குரல் வந்தது.

"தூங்கல தம்பி. கண்ண மூடியிருந்தேன்."

சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. போனிலிருந்து மேடம் தலையை நிமிர்த்தினார்.

"யானை போனதே ஒங்களுக்குத் தெரியலையே அத்தை," என்றேன்.

"எப்புடித் தெரியும்? எழுப்பிவிடச் சொல்லி ஒங்கப்பனத்தான் ஒக்கார வச்சேன். அவன் எனக்கு முன்னாடியே கொறட்ட விட்டுட்டான். இன்னிக்கு வரைக்கும் அந்த யானைய வர்ணிக்கிறானே, அம்புட்டும் பக்கத்துல இருந்தவங்க சொல்லிக் கேட்டது."

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அதற்குள் அத்தை தன் பங்குப் பொன்னாடையோடு மேடைக்கே வந்துவிட்டார். எனக்குப் போர்த்திவிட்டு, "செத்த நேரம் ஒக்காரு தம்பி, களைச்சுப் போயிட்ட," என்று மைக்கை வாங்கிக்கொண்டார். பிறகு எங்கள் குடும்பத்தில் யாரையும் விட்டுவைக்கவில்லை. நான் அவருடைய கதிரையில் உட்கார்ந்து, என் எதிர்காலம் பறிபோவதையும் மறந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் பரீனா மேடம் நேராக என்னிடம் வந்தார்.

"உங்க மாமி நாளைக்கு ரேடியோ ஸ்டேஷனுக்கு வருவாங்களா?"

"அப்போ நான், மேடம்?"

"நீங்களும் வாங்க. மாமிய கூட்டிட்டு வர ஆள் வேணுந்தானே."

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. இன்றுவரை காலை நிகழ்ச்சியை நானும் அத்தையும் சேர்ந்தே நடத்துகிறோம். நான் ஒன்றைச் சொல்வேன், அவர் திருத்துவார். அவ்வளவுதான் நிகழ்ச்சி. கொழும்பில் நான் தனியாக மேடையேறினாலும், 'அத்தை வரலையா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இறங்கமுடியாது. எனக்குப் பொறாமை உண்டு. பெருமை அதைவிடக் கூடுதலாக உண்டு.

போன மழைக்காலத்தில் நான் காய்ச்சலில் விழுந்தேன். அத்தை ஒரு வாரம் தனியாகவே நிகழ்ச்சி நடத்தினார். நேயர்கள் யாராவது என்னை விசாரித்தார்களா என்று ஆசையாகக் கேட்டேன்.

"விசாரிச்சாங்க தம்பி," என்றார். "'இந்த வாரம் நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருக்கே, என்னத்த மாத்துனீங்க?'ன்னு ஒருத்தர் கேட்டாரு."

இப்போதெல்லாம் வீட்டில் குழம்பு கொஞ்சம் ருசியாக அமைந்துவிட்டால்கூட, அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "தம்பிக்குக் காய்ச்சலா?" என்கிறார்.