வெட் ப்ளூ அடித்த சுவர்

ஒரு மனிதனின் உயிரை வாங்கக் கத்தியும் துப்பாக்கியும் தேவையில்லை, ஒரு இன்ச் டேப்பும் ஒரு டின் பசையும் போதும் என்று இந்த வேலூர்ச் சீமைக்கே நிரூபித்துக் காட்டியவன் வெட் ப்ளூ. பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி அவனைப் பெரிய மனுஷனாக்க எனக்கு மனமில்லை. இன்ஜினியரிங் கடைசி வருஷம் முழுக்கக் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். படித்து முடித்து நானும் ஒரு வேலைக்கு வந்து சேர்ந்தாயிற்று. இன்னும் அந்த அறையை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

எனக்கு ஊர் அணைக்கட்டு. அதுவரை பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் கல்லூரிக்கு வந்துபோனேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வரும். கடைசி வருஷமாவது இவன் உருப்படியாகப் படிக்கட்டும் என்று அப்பா விடுதியில் சேர்த்துவிட்டார். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு கட்டில், ஒரு மேசை, கொஞ்சம் அமைதி. இதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. இது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

விடுதிக்கு வருகிற பையன்கள் பெட்டி, படுக்கை, வாளி கொண்டுவருவார்கள். இவன் ஆம்பூரிலிருந்து ஒரு மூட்டை தோல் துண்டுகளோடு வந்து இறங்கினான். ஷூ கம்பெனியில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று எல்லா நிறத்திலும் இருந்தன. வந்தவன் என் பெயரைக் கேட்டானா? ஊரைக் கேட்டானா? டேப்பை உருவி அறையை அளக்க ஆரம்பித்தான். படுத்திருந்த என்னையும் சேர்த்து அளந்தான். நான் நினைத்ததைவிடக் குள்ளமாம். அதனால் கட்டிலைக் குறுக்கே போட்டால் இடம் ஜாஸ்தியாகுமாம். நான் எழுந்திருப்பதற்குள் கட்டிலை இழுத்துத் திருப்பிவிட்டான்.

மறுநாள் காலையில் குளிக்கப் போகலாம் என்று பார்த்தால் என் வாளியைக் காணோம். அறையெல்லாம் தேடினேன். கடைசியில் அவன் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தான். வாளியைக் கவிழ்த்து, மேலே ஸ்பாஞ்சு வைத்து, சிவப்புத் தோலை இழுத்து ஒட்டி, ஸ்டூல் ஆக்கியிருந்தான்.

“டேய், அது என் வாளிடா. நான் இன்னாத்துல குளிக்கிறது?” என்றேன்.

“குளிக்கிறது கொஞ்ச நேரம். உக்கார்றது நாள் பூரா. எது முக்கியம்னு நீயே சொல்லு” என்றான், ரொம்பப் பொறுமையாக.

அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது. நான் கத்தக் கத்த அவன் குரல் இறங்கிக்கொண்டே போகும். தீபாவளிக்கு எடுத்த என் புது லுங்கி ஒருநாள் ஜன்னலில் திரையாகத் தொங்கியது. கேட்டால், தோலோடு நிறம் பொருந்துகிறதாம். இன்டர்நெட்டில் பார்த்து ஊதா நிற லைட் பட்டை ஒன்றை வரவழைத்து உத்தரம் ஓரமாக ஒட்டினான். அந்த வெளிச்சத்தில் என் நோட்டுப் புத்தகமும் ஊதா, என் முகமும் ஊதா, மெஸ்ஸிலிருந்து எடுத்துவந்த இட்லியும் ஊதா. பக்கத்து அறைப் பையன்கள் ரீல்ஸ் எடுக்க எங்கள் அறைக்கு வரிசை கட்டி வந்தார்கள். நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பது யாரோ ஒருவனுடைய பாட்டுக்குப் பின்னணியாக இன்னும் எந்தப் போனிலோ ஓடிக்கொண்டிருக்கும்.

பிறகு அந்தப் பசை. ஷூ கம்பெனிக்காரர்கள் அதை சொல்யூஷன் என்பார்கள். டின்னைத் திறந்தால் மூக்கு வழியாக ஏறி மூளையில் போய் உட்காரும். அவன் தரையில் சிந்தி வைத்ததில் என் செருப்பு ஒட்டிக்கொண்டு, நான் மட்டும் வகுப்புக்குக் கிளம்பிப் போனேன். தோல் வாசனைக்கு மெஸ் நாய் ஒன்று வந்து எங்கள் வாசலிலேயே குடியேறியது. அவன் அதற்கும் தோலில் கழுத்துப்பட்டை செய்து போட்டான். அது அந்தக் கழுத்துப்பட்டையைக் கழற்றித் தின்றுவிட்டு, வேறு கிடைக்குமா என்று என் ஷூவைப் பார்த்தது.

வார்டனிடம் போனேன். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். சுத்தத்தில் பித்து, மற்றபடி நல்ல மனிதர். அவனை மாற்றுங்கள், இல்லை என்னை மாற்றுங்கள் என்று கேட்டேன். வேறு அறை காலியில்லை, கொஞ்சம் அனுசரித்துப் போ தம்பி என்றார். திரும்பத் திரும்பப் போனேன். அதே பதில்தான். நான் அனுசரித்துக்கொண்டே இருந்தேன், இவன் ஒட்டிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சுவரில் தோலில் வெட்டிய பூக்களை ஒட்டிக்கொண்டிருந்தான். பிடித்துக் கத்திவிட்டேன். பரீட்சை முடிந்தால் காலி பண்ணிவிட்டுப் போகப்போகிற அறை இது, உன் அப்பன் வீட்டுச் சொத்தா, இதற்கு எதற்கு இத்தனை அலங்காரம் என்று கேட்டேன். அவன் கையிலிருந்த பூவைக் கீழே வைத்தான்.

“எங்க ஊடு ஒரே ரூமுடா. அப்பா, அம்மா, நாங்க அஞ்சு பேர். ஒரு சுவத்துல அலமாரி. ஒரு சுவத்துல ஏசு படம். ஒரு சுவர் கதவுக்கே சரியா போச்சு. இன்னொண்ணு பக்கத்து ஊட்டுக்காரங்களுது, அதுல ஆணி அடிச்சா சண்டைக்கு வருவாங்க. எனக்குன்னு ஒரு சுவர் இப்பதான் கெடச்சிருக்குது. அதுவும் இந்த ஒரு வருஷத்துக்குத்தான்.”

இதைக் கேட்டு என் மனசு இளகிவிட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். எனக்கு எரிச்சல்தான் அதிகமானது. நியாயமான காரணம் வைத்திருப்பவனோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அன்றைக்கு நான் தொண்டையில் வைத்திருந்த அத்தனை திட்டும் வீணாய்ப் போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரி முதல்வர் விடுதியைச் சுற்றிப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அறைகள் பளிச்சென்று இருக்க வேண்டும், விருப்பமுள்ள பையன்கள் அவரவர் சுவருக்கு அவரவரே வர்ணம் அடிக்கலாம், எந்த நிறம் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள் என்று வார்டன் அறிவித்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், ஆட்டுத்தோலை மருந்தில் ஊறப்போட்டு எடுத்ததும், ஈரம் சொட்டச் சொட்ட, வெளிர் நீலமாக இருக்கும். காய்ந்து, மெருகேறி, ஷூவாவதற்கு முந்தைய நிலை அது. அதற்குப் பெயர் வெட் ப்ளூ. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நாகப்பட்டினத்துக்காரருக்கு எப்படித் தெரியும்?

வராந்தாவில் நிறுத்தி இவனிடம் கேட்டார், என்ன கலர் என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“வெட் ப்ளூ சார்.”

“புதுசா இருக்கே. எந்தக் கம்பெனி?”

“எங்க மாமா வேலை செய்ற கம்பெனி சார், பேரணாம்பட்டுல. கிழிஞ்சது, ஓட்டை வுழுந்தது எல்லாம் சும்மாவே குடுப்பாங்க.”

வார்டன் ஓட்டை விழுந்த டின் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. முதல்வர் வருவதற்குள் காய்ந்துவிடுமா என்று கேட்டார். நம் வேலூர் வெயிலில் தாராளமாகக் காய்ந்துவிடும் என்றான். வாடை வருமா என்றார். முதலில் கொஞ்சம் வரும், அப்புறம் பழகிவிடும் என்றான். வார்டன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் படியிறங்கிவிட்டார்.

மாமா கொடுத்த ஈரத் தோல்களைக் கோணியில் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்தான். பஸ்ஸில் அவனைச் சுற்றி யாரும் உட்காரவில்லையாம், வசதியாக வந்தேன் என்று பெருமை வேறு. தோல் ஷாப்பில் பலகையில் இழுத்து ஆணி அடித்துக் காயவைப்பதுபோல, சுவரில் இழுத்து இழுத்து ஆணி அடித்தான். காய்ந்தால் சுவரோடு சுவராகப் பிடித்துக்கொள்ளுமாம். நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன்.

முதல்வர் வந்த அன்று வார்டன் அவரை நேராக எங்கள் அறைக்கு அழைத்துவந்தார். கோபத்தை ஒதுக்கிவைத்துச் சொல்கிறேன், வாசலிலிருந்து பார்க்க அந்தச் சுவர் மழை விட்ட வானம் மாதிரி அவ்வளவு அழகாக இருந்தது. முதல்வர் அட என்றார். பசங்களே செய்தது சார், வெட் ப்ளூ என்று ஒரு புது கலர் என்றார் வார்டன். முதல்வர் கிட்டே போய்க் கையை வைத்தார். வைத்த கையை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது என்னப்பா, கால் மாதிரி இருக்கு?”

“பின்னங்கால் சார்” என்றான் இவன், பாடம் நடத்துகிற உற்சாகத்தோடு. “அதோ அது முன்னங்கால். நடுவுல அகலமா வர்றது முதுகு.”

அந்த நேரம் பார்த்து ஓர் ஆணி டப்பென்று தெறித்தது. பிறகு அடுத்தது. ஈரத் தோல் காயும்போது சுருங்கும். இவன் அடித்ததோ பலகையில் இல்லை, விடுதிச் சுவரில். வரிசையாக ஆணிகள் தெறிக்க, ஆடுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டுகொண்டு, சுவரின் பூச்சையும் பேர்த்துக்கொண்டு கீழே வந்தன. தூசி அடங்கியபோது உள்ளே செங்கல் தெரிந்தது. முதல்வர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார். தலையெல்லாம் வெள்ளையாக வார்டன் மட்டும் நின்றார்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு இருந்தானா? “தோலு சுருங்கும்னு தெரியும் சார். சுவர் இவ்ளோ வீக்கா இருக்கும்னு தெரியல” என்றான்.

சாயங்காலத்துக்குள் அறையைக் காலி பண்ணு, இனிமேல் உனக்கு இந்த விடுதியே கிடையாது என்று சொல்லிவிட்டு வார்டன் போனார்.

நான் வருஷம் முழுக்கத் தவம் கிடந்த வரம் அது. வெடி வாங்கிக் கொளுத்தியிருக்க வேண்டும். அவன் மூட்டை கட்ட ஆரம்பித்தான். வாளியின் தலையிலிருந்த சிவப்புத் தோலைப் பிய்த்து, வாளியைக் கழுவி என் கட்டிலடியில் வைத்தான். ஜன்னலிலிருந்து லுங்கியைக் கழற்றி உதறி மடித்தான். மடித்ததை என் கையில் கொடுத்தான்.

“சாரிடா தோஸ்த். ரொம்ப பேஜார் பண்ணிட்டேன்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு கோபம். நான் கத்தியபோதெல்லாம் காதில் வாங்காதவன், போகிற நேரத்தில் வந்து மன்னிப்புக் கேட்கிறானாம். அதுவும் அவ்வளவு மரியாதையாக, யாரோ அன்னியனிடம் கேட்பதுபோல. லுங்கியை அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்துவிட்டு வார்டன் அறைக்குப் போனேன்.

வார்டன் அப்போதுதான் தலையைக் கழுவித் துவட்டிக்கொண்டிருந்தார். அவனை அனுப்பக் கூடாது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

“அவனை மாத்தச் சொல்லி என் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தது நீதானே தம்பி?”

“மாத்தச் சொன்னேன் சார், தொரத்தச் சொல்லல. இன்னா கலருன்னு கேட்டீங்க, உண்மையச் சொன்னான். எங்கருந்து வருதுன்னு கேட்டீங்க, அதையும் சொன்னான். அவன் சொன்ன மாதிரியே காய்ஞ்சிது. இதுல எந்த எடத்துல சார் அவன் பொய் சொன்னான்? அவங்க ஊட்ல அவனுக்கு ஒரு சுவர் கூட கெடையாது. இதையும் புடுங்கிட்டா அவன் எங்க போவான்?”

குரல் எனக்கே அதிகமாகத்தான் கேட்டது. வார்டன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, சுவரைப் பழையபடி பூசி வெள்ளையடிக்க வேண்டும், இனி அதில் ஒரு காலண்டர்கூடத் தொங்கக் கூடாது, தொங்கினால் இரண்டு பேரும் வெளியே என்றார். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சிமெண்ட் குழைத்துப் பூசினோம். வெள்ளையடித்தோம். அதோடு அறை அடங்கிவிட்டது. ஊதா லைட் இல்லை, சொல்யூஷன் நாற்றம் இல்லை, ரீல்ஸ் கும்பல் இல்லை. நாய்கூட வேறு வாசல் பார்த்துப் போய்விட்டது. நான் படிக்கலாம், எந்தத் தொந்தரவும் கிடையாது. ஆனால் அவன் இருந்த இருப்பு இருக்கிறதே! துணியை எல்லாம் பெட்டியிலேயே வைத்து எடுத்தான். ஈரத் துண்டைக்கூட எங்கேயும் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வெளியே கொண்டுபோய்க் காயப்போட்டான். சொந்தக்காரர் வீட்டுக்கு வேண்டாத விருந்தாளியாக வந்தவனைப்போல, கட்டில் நுனியில் உட்கார்ந்து எழுந்தான். சுவரைப் பார்க்கவே மாட்டான். அவன் பார்க்காத அந்த வெள்ளைச் சுவர் என்னை ஒரு பக்கம்கூடப் படிக்க விடவில்லை. வயிற்றெரிச்சல், வேறென்ன சொல்வது?

ஒருநாள் வகுப்பை விட்டுவிட்டு வேலூர் பஜாருக்குப் போய் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிவந்தேன். பச்சை மலை, நீல அருவி, ஓரத்தில் இரண்டு கிளி. கடையிலேயே ரொம்பக் கேவலமானது அதுதான். வார்டனாவது ஒன்றாவது என்று அவன் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக்கொண்டேன்.

அவன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“இன்னாடா இது?”

“கண்ணு தெரியல? கடிகாரம்.”

கிட்டே போய்ப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். “கலர் கண்றாவியா இருக்குது. நடுவுலயும் இல்ல, கோணலா இருக்குது” என்றான்.

“பிடிக்கலன்னா நீயே ஒழுங்கா மாட்டித் தொலை” என்றேன், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

 பிறகு மேசை இழுபடுகிற ஓசை கேட்டது. அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை, ஏறினால் ஆடும். அவன் அதன்மேல் ஏறி நின்று சுவரில் சாண் போட்டு அளந்தான், ஒருமுறைக்கு இருமுறை. விழுந்து கையைக் காலை ஒடித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை என்று அவனைத் திட்டிக்கொண்டே, ஆடுகிற அந்த மேசையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.